வாட்டமும் ஓதமும்

போடிநாயக்கனூரில் பழைய வீடொன்றில் குளியலறை வேலை நடக்கிறதென்றால் தெருக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி, "டைல்ஸ் ஒட்டியாச்சா?" என்பதுதான். ஆச்சு என்று பதில் வந்தால் வேலை முடிந்தது என்று அர்த்தம். கொத்தனாருக்குக் கணக்கு முடித்துவிடுவார்கள், சித்தாள் சாக்கை உதறி மடிப்பார். இந்த அளவுகோல் பழைய வீட்டுக்குப் பொருந்தாது என்பதே என் வாதம். கான்கிரீட் வீட்டில் ஓரளவுக்குச் செல்லுபடியாகும் அது, சுண்ணாம்பு வீட்டில் நாலைந்து வருஷத்துக்குள் பொய்த்துப் போகிறது. அப்படியானால் எதை வைத்து வேலை முடிந்தது என்று சொல்வது? அதை எடை போட்டுப் பார்க்கவே இந்தக் கட்டுரை.

எந்த மாதிரி வீட்டைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. அறுபது, எழுபது வருஷத்துக்கு முந்தியவை. ஒன்றரை அடி கனத்தில் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் சேர்த்து எழுப்பிய சுவர். வசதி குறைந்த வீடுகளில் உள்ளே மண் சாந்து, வெளியே மட்டும் சுண்ணாம்புப் பூச்சு. மேலே ஓடு, இல்லையென்றால் மரக்கட்டைகளை வரிசையாகப் போட்டு, அவற்றின்மேல் செங்கல்லை நிறுத்திவைத்துக் காரை கொட்டிய மச்சு. அஸ்திவாரத்துக்கும் சுவருக்கும் நடுவில் ஈரத்தைத் தடுக்கும் அடுக்கு எதுவும் கிடையாது. பக்கத்து வீட்டோடு சுவரைப் பங்கு போட்டுக்கொண்டு, திண்ணையில் தொடங்கிக் கொல்லை வரைக்கும் நீண்டு கிடக்கும் கட்டடம். வியாபாரிகள் வீடென்றால் ஓர் அறை ஏலக்காய் மூட்டைக்கோ இலவம் பஞ்சுக்கோ ஒதுங்கியிருக்கும்.

இந்த வீடுகளின் பழைய ஏற்பாட்டில் தண்ணீர் புழங்குவதெல்லாம் கடைசியில்தான். குளிப்பதும் துவைப்பதும் கொல்லையில். கக்கூஸ் அதற்கும் பின்னால், மதிலை ஒட்டி. சுவருக்கு இது நல்ல ஏற்பாடு. குளித்த தண்ணீர் வாழைக்குப் போனது, மரக்கட்டைகள் காய்ந்தே இருந்தன. பழைய வீடுகளைக் கொண்டாடி எழுதுகிறவர்கள் பலர் இந்த இடத்தில் நிறுத்திக்கொள்கிறார்கள். ஆனால் அந்தக் கக்கூஸ் எடுப்புக் கக்கூஸ். பின்சந்து வழியாக ஒரு சாதியைச் சேர்ந்த மனிதர்கள் வந்து, கையால் அள்ளி, தலையில் சுமந்து போனதால்தான் வீட்டுச் சுவர் காய்ந்து கிடந்தது. 1993-ல் வந்த சட்டமும், அதைவிடக் கடுமையாக 2013-ல் வந்த சட்டமும் தடை செய்தது இந்த ஏற்பாட்டைத்தான். பழைய அமைப்பின் கட்டடப் புத்தியைப் பாராட்டலாம். அது யார் தலையில் நின்றது என்பதை மறந்துவிட்டுப் பாராட்டக் கூடாது.

ஆகவே குளியலறை வீட்டுக்குள் வருவது சரியா என்ற கேள்விக்குச் சரிதான் என்றே தயங்காமல் சொல்வேன். மூட்டுவலிக்காரப் பாட்டி ஐப்பசி மழையில் முற்றத்தைத் தாண்டி, பாசி பிடித்த கல்லில் கால் வைத்துப் போக வேண்டியதில்லை. விடியும் முன்பே ஜீப் ஏறி, போடிமெட்டு வளைவுகளைக் கடந்து இடுக்கி மாவட்டத்து ஏலத் தோட்டங்களுக்குக் காயெடுக்கப் போகும் பெண்களுக்கு, இருட்டில் கொல்லைக்குப் போகாமல் தாழ்ப்பாள் உள்ள கதவுக்குள் காலைக்கடன் முடிவது சாதாரண விஷயமில்லை. தோட்டத்தில் கழிப்பிடம் இருக்க வேண்டும் என்று 1951-ம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டமே சொன்னது. இருந்தாலும் சரிவில் பரந்து கிடக்கும் ஏலக்காட்டில், பகல் முழுக்க வேலை நிரையை விட்டுப் போய்வருவது எளிதல்ல. ஆகவே வீட்டிலிருக்கும் கழிப்பறையே அந்தப் பெண்களுக்கு முதல் நம்பிக்கை.

உள்ளே வரலாம், எங்கே வரலாம் என்பதில்தான் தவறு தொடங்குகிறது. பட்டாசாலைக்கும் சமையலறைக்கும் நடுவில் இருட்டாகக் கிடக்கும் அறையைத்தான் பலரும் முதலில் தேர்கிறார்கள். எதற்கும் பயன்படாத அறை என்பது அவர்கள் நியாயம். அந்த அறைக்கு வெளிச்சுவர் இல்லை, காற்றுக்கு வழியில்லை, குழாயை வெளியேற்ற மூன்று அறைகளின் தரையை உடைக்க வேண்டும். இன்னும் மோசமானது மச்சின்மேல் கட்டுவது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 5 அடிக்கு 7 அடி அறை. பழைய மச்சில் தளத்தை இறக்க முடியாது என்பதால், குழாய் புதைக்க ஓர் அடி உயர்த்துவார்கள். 35 கன அடிச் செங்கல் ஜல்லிக் கலவை என்றால் ஏறக்குறைய 1 கன மீட்டர்; எடை 2 டன்னை ஒட்டி வரும். தண்ணீர்த் தொட்டியும் சுவரும் டைல்ஸும் இதில் சேராது. இத்தனையும் உட்காருவது ஆள் நடமாட்டத்துக்கும் நெல் மூட்டைக்கும் என்று போட்ட மரக்கட்டைமேல். பாரத்தைக்கூட நல்ல தேக்கு தாங்கிவிடலாம். தாங்க முடியாதது ஈரம். கட்டையின் நுனி சுவருக்குள் செருகியிருக்கும் இடத்தில் கசிவு இறங்கினால், வெளியே ஓர் அறிகுறியும் காட்டாமல் உள்ளே உளுத்துப் போகும். மர மச்சின்மேல் குளியலறை வேண்டவே வேண்டாம். இதில் சமரசத்துக்கு இடமில்லை.

சரியான இடம் வீட்டின் பின்பகுதி, கொல்லைச் சுவரை ஒட்டி, கூரையின் கீழே. ஒரு சுவராவது வெளிக்காற்றைப் பார்க்க வேண்டும். பாட்டியின் கட்டிலிலிருந்து அங்கே போகும் வழியில் படி இருக்கக் கூடாது.

இனி சுவர். இந்த விஷயத்தின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது.

பழைய சுவர் மண்ணிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். அடியில் தடுப்பு இல்லாததால் அதை நிறுத்த முடியாது. உறிஞ்சியதைச் சுண்ணாம்புப் பூச்சின் வழியாக வெளியே விட்டுவிடும் என்பதால், ஏறுவதும் ஆவியாவதும் ஒரு சமநிலையில் நிற்கும். தரையிலிருந்து ஒரு சாண் உயரம்வரை சுவர் சற்றுக் கறுத்திருக்கும், அவ்வளவுதான். இந்தச் சுவரில் சிமெண்டைப் பூசி, அதன்மேல் உச்சிவரை டைல்ஸ் ஒட்டினால் ஆவியாகும் வழி அடைபடுகிறது. ஏறுவது மட்டும் நிற்பதில்லை. ஓதம் டைல்ஸுக்குப் பின்னால் உயர்ந்து, டைல்ஸ் முடியும் இடத்துக்கு மேலேயோ சுவரின் மறுபக்கத்திலோ வெளிப்படும். மறுபக்கம் படுக்கையறையாக இருந்தால் அங்கே வெள்ளையடிப்பு உப்பாகப் பூத்து, விரலால் தொட்டால் பொலபொலவென்று உதிரும். மறுபக்கம் ஏலக்காய் அறையாக இருந்தால் அது பண நஷ்டம்.

இதில் எனக்குப் புரியாத ஒன்று உண்டு. ஈரத்தைப் பற்றிப் போடிக்காரர்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. பறித்த பச்சை ஏலக்காயில் 80 விழுக்காடு அளவுக்கு ஈரம் இருக்கிறது. காய் உலர்த்தும் ஸ்டோரில் அதை 10 விழுக்காட்டை ஒட்டிக் கொண்டுவந்தால்தான் மூட்டை போட முடியும். சூடு ஏற்றினால் மட்டும் போதாது, முதல் சில மணி நேரம் நீராவி வெளியேற வழி திறந்திருக்க வேண்டும், இல்லையென்றால் காயின் பச்சை கெட்டுவிடும், நறுமணப் பொருள் வாரியத்தின் மின் ஏலத்தில் விலை விழும் என்பது இந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். கதவைச் சாத்தி வெந்நீர் ஊற்றிக் குளிக்கும் அறையும் அந்த ஸ்டோரும் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டவை. இத்தனை தெரிந்தவர்கள் வீட்டில் குளியலறைக்கு முழங்கை அளவு வென்டிலேட்டர் வைத்து, பல்லி வருகிறதென்று அதையும் கண்ணாடி போட்டு மூடிவிடுகிறார்கள்.

மறுதரப்பு வாதத்தை இளப்பமாகத் தள்ளிவிட முடியாது. சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் இன்று அரிது. நீற்றி, புளிக்கவைத்து, கடுக்காய்த் தண்ணீர் சேர்த்து அரைத்துப் பூசினாலும் அது காற்றோடு கலந்து இறுகப் பல வாரம் பிடிக்கும். குடும்பம் அந்த வீட்டில்தான் குடியிருக்கிறது. அதைவிட முக்கியமான வாதம்: தினமும் தண்ணீர் அடிக்கும் இடத்தில் சாதாரணச் சுண்ணாம்புப் பூச்சு நிற்காது. வழவழவென்று தேய்த்து மெருகேற்றும் செட்டிநாட்டுப் பூச்சு ஓரளவு தாக்குப்பிடிக்கும், ஆனால் அந்தச் செலவு எல்லாராலும் ஆகாது. டைல்ஸைத் தேய்த்துக் கழுவலாம், கறை தெரிந்தால் உடனே எடுக்கலாம். கழுவும் வேலை பெரும்பாலும் பெண்கள் தலையில் விழும் வீட்டில் இது பெரிய வசதி. மலைக்கு அந்தப் பக்கம் வாகமணில் 1960-களில் வாழ்ந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் சுண்ணாம்புக்காக வாழ்நாள் முழுக்க வாதாடினார். அவருடைய பக்தர்கள் எதிலும் சிமெண்ட் கூடாது என்பார்கள். குளிக்கும் இடத்தைப் பொறுத்தவரை அந்தப் பிடிவாதத்தை நான் ஏற்கவில்லை.

இரு தரப்பையும் வைத்துப் பார்க்கும்போது எனக்கு நியாயமாகப் படுவது இதுதான். டைல்ஸ் வேண்டும், பழைய சுவரில் வேண்டாம். தண்ணீர் அடிக்கும் பக்கத்தில் பழைய சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி, தனி அஸ்திவாரத்தில் நாலரை அங்குலச் செங்கல் சுவர் ஒன்றை ஏழடி உயரத்துக்கு எழுப்ப வேண்டும். டைல்ஸ் அதில்தான் ஏறும். நடுவிலுள்ள சந்தில் கீழும் மேலும் துளை விட்டால் பழைய சுவர் எப்போதும்போல ஆவியை விட்டுக்கொண்டிருக்கும். மற்ற மூன்று பக்கமும் சுண்ணாம்புப் பூச்சும் வெள்ளையடிப்பும் போதும். அங்கேயும் டைல்ஸ் கட்டாயம் தேவைப்பட்டால், தரையை ஒட்டி ஓர் அடியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். கொத்தனாருக்குத் தனிச் சுண்ணாம்பு கைவராவிட்டால் சிமெண்ட் 1, சுண்ணாம்பு 2, மணல் 9 என்ற கலவை உண்டு. தூய சுண்ணாம்புக்கு அது ஈடில்லை என்பதை மறுக்கவில்லை. வெறும் சிமெண்ட் பூச்சைவிடப் பல மடங்கு மேல்.

இடம் குறையுமே என்பார்கள். 5-க்கு 7 அறையில் ஏழடிப் பக்கத்தில் ஆறரை அங்குலம் போனால் மீதி 31 சதுர அடி. குளியலும் கழிப்பும் சேர்ந்த அறைக்குத் தேசியக் கட்டட விதித்தொகுப்பு சொல்லும் குறைந்தபட்சம் 2.8 சதுர மீட்டர், அதாவது 30 சதுர அடி, அகலம் 1.2 மீட்டர். இரண்டுமே தேறிவிடுகின்றன.

குழாயும் பழைய சுவருக்குள் போகக் கூடாது. மிஷின் வைத்துக் காடி எடுக்கும்போது மண் சாந்துச் சுவர் உள்ளுக்குள் தளர்ந்துவிடும். மறைந்த குழாயில் கசிவு வந்தால் தெரியவே ஒரு வருஷம் ஆகலாம். வெளியே தெரியும்படி கிளாம்ப் அடித்த குழாய் அழகில்லைதான். எங்கே சொட்டுகிறது என்பதைக் கண்ணாலேயே காட்டிவிடும்.

தரைக்கு வருவோம். இங்கே தீர்ப்பளிப்பது வாட்டம், அதாவது தரையின் சாய்வு. 80-க்கு 1 என்று வைத்தால் ஏழடிக்கு ஓர் அங்குலம் இறங்க வேண்டும். கைதேர்ந்த கொத்தனார் டைல்ஸைத் தொடும் முன் டியூப் மட்டம் பிடித்து நான்கு மூலையிலும் குறி போடுவார். பிறகு சிமெண்ட் தளத்தில் ஒரு செம்பு தண்ணீரைக் கதவோரமாக ஊற்றிவிட்டுக் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொள்வார். தண்ணீர் தயங்கி, ஒரு நாக்கு நீட்டி, பிறகு தரையின் வடிகால் வாயான நாணி டிராப்பை நோக்கி ஓடும். எங்கேயாவது வட்டமாகத் தேங்கினால் கரித்துண்டால் அதைச் சுற்றிக் கோடு போட்டு, அந்த இடத்தை மட்டும் கொத்திவிட்டு மறுபடி மணியாஸ் கட்டை பிடிப்பார். இந்தக் கால் மணி நேர வேலைக்குக் கூலிக் கணக்கில் தனி வரி கிடையாது, குளியலறையின் ஆயுள் அதில்தான் இருக்கிறது.

வாட்டத்துக்கு எதிரி பெரிய டைல்ஸ். இரண்டடிக்கு இரண்டடிப் பலகை, மூலையிலுள்ள டிராப்பை நோக்கி இரண்டு திசையிலும் சாய முடியாது. ஒரு திசையில் சாய்த்தால் மறு திசையில் முனை தூக்கும். குளியலறைத் தரைக்கு ஓரடிக்கு மேற்படாத, சொரசொரப்பான டைல்ஸோ கடப்பா கல்லோதான் சரி. ஒட்டும் முறையிலும் பழக்கதோஷம் உண்டு. செராமிக் சுவர் டைல்ஸ் தன் எடையில் 10 விழுக்காட்டுக்கு மேல் தண்ணீர் குடிக்கும், அதனால் சிமெண்ட் பாலைப் பிடித்துக்கொள்ளும். விட்ரிஃபைடு டைல்ஸ் அரை விழுக்காடுகூடக் குடிக்காது; சிமெண்ட் பால் அதில் ஒட்டுவதுபோல் ஒட்டி, பிறகு விட்டுவிடும். அதற்கு ஒட்டும் பசைக் கலவை தேவை, அதற்கென்று ஐ.எஸ். 15477 என்ற தரமே இருக்கிறது. காய்ந்த பிறகு நாணயத்தால் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். பொக்கென்று சத்தம் வந்தால் பின்னால் வெற்றிடம், அதாவது நாளைக்குத் தண்ணீர் தங்கும் இடம்.

மின்சாரத்தைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. மரப்பட்டை வயரிங் ஓடும் வீட்டில், எர்த் இல்லாமல், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் சுவிட்ச் இல்லாமல் கீசர் மாட்டுவது உயிரோடு விளையாடுவது.

ஒரே அறையா, இரண்டா? அட்டாச்டு என்ற மோகத்தில் குளிக்கும் இடத்தையும் கழிப்பறையையும் ஒன்றாக்குவது கிட்டத்தட்ட வழக்கமாகிவிட்டது. அதே விதித்தொகுப்பு, தனியாக வைத்தால் குளியலறைக்கு 1.8, கழிப்பறைக்கு 1.1 சதுர மீட்டர் போதும் என்கிறது. கூட்டினால் 2.9. சேர்ந்த அறைக்கு 2.8. வித்தியாசம் ஒரு சதுர அடியும் ஒரு மெல்லிய தடுப்புச் சுவரும்தான். காலை நாலரைக்கு மூன்று பேர் ஜீப்புக்குக் கிளம்பும் வீட்டில் இரண்டாகப் பிரிப்பதே அறிவு. கழிப்பறைத் தரையும் காய்ந்திருக்கும். ஆனால் கைபிடித்து அழைத்துப்போக வேண்டிய முதியவர் இருந்தால் கணக்கு மாறும்: 1.1 சதுர மீட்டரில் துணைக்கு ஒருவர் நிற்க முடியாது, சேர்ந்த அறைதான் நல்லது. அங்கே வெஸ்டர்ன் கோப்பையும், பளபளப்பாக இல்லாத, கை வழுக்காத பிடிகம்பியும் வேண்டும். கம்பியை டைல்ஸில் திருகினால் போதாது, பின்னாலுள்ள செங்கல்வரை போல்ட் இறங்க வேண்டும்.

தண்ணீர் டிராப்புக்குள் இறங்கியதும் நம் கவலை முடிந்ததாக நினைக்கும் பழக்கத்தை நான் கடுமையாகவே மறுக்கிறேன். அறை என்பது கண்ணுக்குத் தெரியும் பாதி. மறுபாதி செப்டிக் டேங்க். 5 பேருக்கு உள்நீளம் 1.5 மீட்டர், அகலம் 0.75, தண்ணீர் ஆழம் 1 மீட்டர் என்ற அளவில் கட்டி, இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கசடு எடுக்க வேண்டும். புதுப்பிக்கும் வீடுகளில் அடிக்கடி நடப்பது, பின்நடையில் புது டைல்ஸ் போடும்போது டேங்கின் மூடியையும் சேர்த்து மூடிவிடுவது. நிரம்பி வழியும் நாளில் யாரையோ அழைத்து உடைக்கச் சொல்வார்கள். கசடு உறிஞ்சும் லாரியின் குழாய் எட்டவில்லை என்றால் யாரையோ உள்ளே இறங்கச் சொல்வார்கள். அந்த யாரோ யாராக இருப்பார் என்று இந்த மண்ணில் எல்லாருக்கும் தெரியும். பாதாளச் சாக்கடையிலும் கழிவுத் தொட்டியிலும் இறங்கி உயிரிழப்பவர்களின் குடும்பத்துக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2014-ல் 10 லட்சம் என்று விதித்து, 2023 அக்டோபரில் 30 லட்சமாக்கியது. சாவுகள் நின்றிருந்தால் தொகையை உயர்த்தும் தேவை வந்திருக்காது. மூடி புதைந்த டேங்க் உள்ள குளியலறை, எடுப்புக் கக்கூஸின் அநியாயத்தை ஒழிக்கவில்லை. இரண்டு வருஷத்துக்கு ஒத்திப்போட்டிருக்கிறது.

டேங்கிலிருந்து வழியும் தண்ணீருக்கும் கணக்கு உண்டு. ஐ.எஸ். 2470 தரத்தின்படி உறிஞ்சும் அமைப்பு வீட்டிலிருந்து 6 மீட்டரும் குடிநீர்க் கிணற்றிலிருந்து 18 மீட்டரும் தள்ளியிருக்க வேண்டும். சுவரோடு சுவர் ஒட்டிய தெருவில் இது கிடைக்காது. தெருச் சாக்கடையில் திறந்துவிடுவது அதற்கு விடையாகாது. இடமில்லாத வீட்டுக்கு அதே தரம் சொல்லும் வழி, ஜல்லி நிரப்பிய தொட்டியில் தண்ணீரைக் கீழிருந்து மேலாக ஏற்றி வடிகட்டுவது. செலவு கூடும். விட்ரிஃபைடு டைல்ஸை உச்சிவரை ஒட்டாமல் விட்டால் மிஞ்சும் பணத்தில் அதில் ஒரு பகுதியாவது தேறும்.

குரங்கணி, போடிமெட்டுச் சரிவுகளில் உள்ள வீடுகளுக்கு இந்தக் கணக்கை அப்படியே தூக்கிக்கொண்டு போக முடியாது. தகரக் கூரை, கல் அஸ்திவாரம். ஆடி மாதம் முழுக்க மஞ்சு இறங்கிக் கிடக்கும்போது வெளிக்காற்றே ஈரம், ஜன்னலைத் திறப்பதால் மட்டும் சுவர் காயாது. அங்கே அடுப்படிப் பக்கத்துச் சுவரை ஒட்டிக் குளியலறையை வைப்பதே நல்ல யோசனை. அடுப்புச் சூடு சுவரைக் காயவைக்கும். கழிவு சரிவில் எந்தப் பக்கம் இறங்குகிறது என்பதும் அங்கே முதல் கேள்வி, ஏனென்றால் நம் உறிஞ்சுகுழிக்குக் கீழே இன்னொருவருடைய ஊற்று இருக்கும். வேலை செய்யும் காலமும் முக்கியம். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து, காயெடுப்பும் குறைந்து, ஆள் கிடைக்கும் மாசி முதல் சித்திரை வரைதான் சுண்ணாம்பும் பசையும் ஒழுங்காகக் காயும் பருவம். மழைக்கு நடுவே அவசரப்பட்டு ஒட்டியதை நல்ல வேலை என்று சொல்ல மாட்டேன்.

என் தீர்ப்பு இது. இன்று பழைய வீடுகளில் பெருவழக்காக நடக்கும் குளியலறை வேலை, மனிதர்களை உள்ளே அழைத்துவந்ததில் வெற்றி. சுவருக்கும், டேங்கைத் திறக்கப் போகிறவருக்கும் செய்ததில் தோல்வி. பின்கட்டில், காற்றுள்ள இடத்தில், பழைய சுவரைத் தொடாத தனிச் சுவரில் டைல்ஸும், மீதிக்குச் சுண்ணாம்பும், பெயர் எழுதி வைத்ததுபோல் வெளியே தெரியும் டேங்க் மூடியுமாக அமைவதே தகும். டைல்ஸ் இறங்கும் முன் டிராப்பை அடைத்து, இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி, இரண்டு நாள் அப்படியே விட வேண்டும். அந்த இரண்டு நாளும் கொத்தனாரும் சித்தாளும் சும்மா இருக்க நேர்ந்தால் அந்தக் கூலியை வீட்டுக்காரர்தான் தர வேண்டும். அன்றாடக் கூலிக்காரர்மேல் அதைச் சுமத்தினால் அவர் அவசரப்படுவார், அதில் அவர் குற்றம் எதுவும் இல்லை. கட்டிய தண்ணீரின் மட்டத்தைச் சுவரில் கரிக்கோடு போட்டு வைத்து, மூன்றாம் நாள் காலை கோடும் தண்ணீரும் ஏறக்குறைய ஒன்றாக நின்றால் டைல்ஸ் பெட்டியைப் பிரிக்கலாம்.